கடைமடைக்கு வராத துடிப்பு

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பிரஷர் மாத்திரை வாங்க வந்த வரிசையில் ஒரு பெரியம்மா. குறுவை நடவு நடக்கிறது, சேற்றுக் காலைக் கழுவிய கையோடு வந்திருக்கிறார். "நடந்தா வந்தீங்க? அஞ்சு நிமிஷம் உட்காருங்க பெரியம்மா" என்றார் சிஸ்டர்.

அந்த ஐந்து நிமிஷத்தைப் பலரும் வெட்டி நேரம் என்று நினைக்கிறோம். வேகமாக நடந்து வந்தவரை உடனே அளந்தால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை இதய மட்டத்துக்கு இருக்க வேண்டும். கை தொங்கினாலும் அளவு ஏறும். மடியில் கையைப் போட்டு அளப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

அப்புறம் மெஷினை மாட்டினார். 152 என்றது. மறுபடி அளந்தால் 128. மூன்றாவது தடவை எண்ணே வரவில்லை. "மெஷின் ரிப்பேரா சிஸ்டர்?" சிஸ்டர் பதில் சொல்லாமல் பெரியம்மாவின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினார். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது சீராகத் துடிக்கும் இதயத்துக்குச் சரி. இங்கே துடிப்பு தாளம் தப்பி வந்தது, அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

கையில் கட்டும் பட்டையில் காற்று ஏறியதும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. காற்று இறங்க இறங்க ரத்தம் முட்டிப் பாய்கிறது, பட்டை அதிர்கிறது. எந்த அழுத்தத்தில் அதிர்வு உச்சம் என்று பார்த்து, மேல் அளவையும் கீழ் அளவையும் மெஷின் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஏறக்குறைய ஒரே பலம் என்று நம்பித்தான் அந்தக் கணக்கு. துடிப்புக்குத் துடிப்பு பலம் மாறினால் அது தடுமாறும். அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு மூன்று முறையாவது அளந்து சராசரி எடுப்பது, அல்லது 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்ன வழியில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஓசை கேட்பது.

பிரஷருக்கும் தாளம் தப்புவதற்கும் நேரடி உறவு உண்டு. வருஷக்கணக்கில் கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறை தடித்து விறைக்கிறது. அதற்குள் ரத்தத்தை அனுப்பும் மேலறை திணறி விரிகிறது, தசையில் தழும்பு விழுகிறது, மின்துடிப்பு ஓடும் பாதை குலைகிறது. மேலறை சுருங்குவதை விட்டுவிட்டு நிமிஷத்துக்கு 350-க்கும் மேல் வெடவெடக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதுதான். அந்த நடுக்கத்தில் சிலதுதான் கீழறைக்குப் போகிறது, அதுவும் ஒழுங்கில்லாமல்.

கல்லணையில் மதகைத் திறந்து சட்டென மூடினால் தண்ணீர் தலைமடையோடு நின்றுவிடும், வேதாரண்யம் கடைமடைக்கு எட்டாது. இதயமும் அப்படித்தான். கீழறை நிரம்புவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் வெளியே போகும் ரத்தம் சொற்பம், மணிக்கட்டு வரை அலை வராது. இதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு சிஸ்டர் இடது மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரம் ஒன்றே, தொடங்குவதும் முடிப்பதும் சேர்ந்தே. மார்பில் 112, கையில் 88. மீதி 24 துடிப்பு கடைமடைக்கு வரவில்லை. டாக்டர் உடனே இசிஜி எடுக்கச் சொன்னார்.

வெடவெடக்கும் மேலறையின் மூலையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்காகத்தான் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருகிறார்கள். அதில் வார்ஃபரின் என்ற மாத்திரை என்றால் கீரைப் பேச்சு வரும், கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தை எதிர்க்கும் என்பதால். கீரையே தொடாதே என்பது பாதி தெரிந்தவர்களின் அறிவுரை. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை வழக்கமென்றால் அந்த இரண்டு நாள் அப்படியே தொடரட்டும், அதற்கேற்ப டாக்டர் மாத்திரை அளவை வைப்பார். திடீரென்று கூட்டுவதும் நிறுத்துவதும்தான் வம்பு.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரிடம், பல் ஈறில் ரத்தம் கசிகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று சிஸ்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். அறுப்புக்குப் போகிறவரிடம் இன்னொன்றும் சொல்வார்: "அரிவாள் கீறினா சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிங்க. அப்பப்ப எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. பத்து நிமிஷத்துல நிக்கலைன்னா அப்படியே பிடிச்சுக்கிட்டு இங்க வந்துடுங்க."