மின்தேக்கி: கேப், கண்டென்சர், கெப்பாசிட்டர்

போன மாதம் ராத்திரியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். காரில் ஓடிய பாட்டுக்கு பேஸ், அதாவது கனமான அடித்தொனி, விழும்போதெல்லாம் மச்சான் காரின் ஹெட்லைட் கண் சிமிட்டியது. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் அது ரசிக்கிற மாதிரியா இருக்கும்? மறுநாள் சேலத்தில் கார் ஆடியோ கடைக்குப் போனால், "ஒரு கேப் போட்டுடலாம்ணா" என்றார் பையன். பக்கத்தில் இருந்த பெரியவர், "கண்டென்சரைச் சொல்றான்" என்றார். மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும், பள்ளிக்கூடத்தில் நாம் படித்த மின்தேக்கிதான் அது.

மூன்றில் மூத்த சொல் கண்டென்சர். 1782இல் இத்தாலியரான வோல்ட்டா வைத்த பெயரிலிருந்து வந்தது. மின்சாரத்தை அடர்த்தியாக்கி வைப்பது என்று பொருள். கெப்பாசிட்டர் பிறகு வந்தது; அதன் சுருக்கம்தான் கேப். கெப்பாசிட்டரின் லத்தீன் வேருக்கு 'கொள்ளுதல்' என்று அர்த்தம். ஆங்கிலம் கெப்பாசிட்டருக்கு மாறியும் நம் எலெக்ட்ரீஷியன்கள் மாறவில்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் இன்றைக்கும் 'கண்டென்சர் போயிருக்கும்'தான். காரில் இது வம்பு. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்குவது; மின்சாரத்தைத் தேக்குவதில்லை.

தமிழுக்கு வருவோம். நீங்கு-நீக்கு, அடங்கு-அடக்கு போலத்தான் தேங்கு-தேக்கு. தானாக நிற்பது தேங்குதல், நிறுத்தி வைப்பது தேக்குதல். தேக்குவது தேக்கி. இலங்கைப் பாடநூல்களில் இதைக் கொள்ளளவி என்கிறார்கள். லத்தீன் வேருக்கு அதுதான் நெருக்கம். ஆனாலும் என் ஓட்டு தேக்கிக்கே. மேட்டூரைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு, நீர்த்தேக்கம் தண்ணீரை உண்டாக்காது, வந்ததைத்தான் வைத்துக்கொள்ளும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கார் ஆடியோவில் பலர் சறுக்குவது இங்கேதான். மின்தேக்கி எவ்வளவு கொள்ளும் என்பதை ஃபாரட்டில் அளப்பார்கள்; மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஃபேனில் இருப்பது 2.5 மைக்ரோஃபாரட். காருக்கு விற்பது 1 ஃபாரட், அதாவது 4 லட்சம் மடங்கு. கேட்க மலைப்பாக இருக்கும், சரி. ஆனால் 14 வோல்ட்டில் அது தேக்கும் ஆற்றல் 98 ஜூல். 12 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் தருவது 26 ஜூல்தான். 1000 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு (ஒலியைப் பெருக்கும் பெட்டி) அது சுமார் நாற்பதில் ஒரு பங்கு விநாடிக்குத்தான் காணும். டிரம் அடி விழும் அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரியாமல் தாங்கும். நீளமாக இழுக்கும் பேஸுக்கு, இன்ஜினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர்தான் கொடுத்தாக வேண்டும். அது திணறினால் எத்தனை கேப் போட்டும் வீண்.

கேப்பை ஆம்ப்ளிஃபயரை ஒட்டி, குட்டை வயரில் போட வேண்டும் என்பது, அந்தக் கணத்திலேயே கொடுத்தாக வேண்டும் என்பதால்தான். காலியான மின்தேக்கியை நேராக பேட்டரியில் தொட்டால் பளிச்சென்று பொறி பறக்கும். நடுவில் ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி நிரப்புவார்கள். நிரம்ப நிரம்ப பல்பு மங்கி அணைந்துவிடும். பார்க்க அழகு.

மச்சான் காரில் இன்னொன்றும் இருந்தது. முன்பு வேறொரு கடையில் எர்த் வயரை, மின்சாரத்தைக் கடத்தாத பெயிண்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள். சுரண்டிவிட்டு முடுக்கியதும் சிமிட்டல் பாதி குறைந்தது. அப்புறம்தான் கேப் ஏறியது. பெரியவர் கையால் எழுதிய பில்லில், "கண்டென்சர் - 1".