தூக்குவதற்கு முன் ஒரு போட்டோ

வீட்டில் இறந்து கிடந்த முதியவரின் உடல் பிரேதப் பரிசோதனைக்கு வந்தால், "முதலில் பார்த்தவர் யார்? எப்படிக் கிடந்தார்?" என்று கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில், "தெரியல டாக்டர், உடனே தூக்கிப் படுக்க வச்சுட்டோம்."

பாதிச் சாட்சியம் அங்கேயே போய்விடுகிறது. 'பொசிஷனல் அஸ்ஃபிக்ஸியா' மரணத்தில், உடல் கிடந்த நிலைதான் மூச்சை நிறுத்துகிறது. நாற்காலியில் சரிந்து தாடை நெஞ்சில் பதிந்தால் மூச்சுப்பாதை மடங்கிவிடும். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் மாட்டினால் நெஞ்சு விரியாது. மற்றவர்கள் புரண்டு எழுந்துவிடுவார்கள். பக்கவாதம், பார்கின்சன், மறதிநோய் இருப்பவர்களால் முடியாது. தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

உடலை மட்டும் அறுத்துப் பார்த்து இதை உறுதிசெய்ய முடியாது. நுரையீரலில் நீர், உறுப்புகளில் ரத்தத் தேக்கம் எல்லாம் இதய நோயிலும் இருக்கும். மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, இடத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு பாட்டியின் முகம் கருநீலமாக இருந்தது. இமைகளின் உட்புறம் சிறுசிறு ரத்தப் புள்ளிகள். கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்று உறவினர் ஒருவர் மருமகள் மேல் புகார் கொடுத்திருந்தார். உடல் மல்லாந்த நிலையில், கால் பெருவிரல்கள் கட்டப்பட்டு வந்தது. ஆனால் இறந்தபின் ரத்தம் தேங்கும் நிறம் முதுகில் இல்லை. முகத்திலும் மேல்மார்பிலும் இருந்தது. அதன் குறுக்கே வெளிறிய ஒரு பட்டை. அழுத்தம் விழும் இடத்தில் அந்த நிறம் படியாது. அப்படியானால் எதன்மேலோ குப்புறத் தொங்கியபடி பல மணி நேரம் கிடந்திருக்கிறார். தலை தாழ்ந்து கிடந்தாலே அந்த ரத்தப் புள்ளிகள் வரலாம்.

தலையிலும் மார்பிலும் இருந்த ரத்தத்தை வடியவிட்டு, கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்தேன். தசைகளில் ரத்தக்கசிவு இல்லை. நாவடி எலும்பு முறியவில்லை. அப்புறம்தான் பேரனின் போனில் ஒரு படம் இருப்பது தெரிந்தது. பாட்டி கட்டில் சட்டத்தின் மேல் மடங்கி, தலை சுவரோரம் கீழே தொங்கக் கிடந்தார். சட்டத்தை அளந்தோம். பட்டையின் அகலம் ஒத்துப்போனது. அந்தப் படம் இல்லாதிருந்தால் அந்த மருமகள் எத்தனை நாள் ஸ்டேஷனுக்கு நடந்திருப்பாரோ!

உயிர் இருக்கிறதோ என்று துளி சந்தேகம் இருந்தாலும் படம் வேண்டாம். உடனே விடுவித்து, தலையை நிமிர்த்தி, 108ஐ அழையுங்கள். இறந்துவிட்டது உறுதி என்றால் மட்டும், போலீஸ் வரும்வரை நகர்த்தாதீர்கள். குளிப்பாட்டுவதும் ஃப்ரீசர் பெட்டியும் அப்புறம். தூக்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துவிட்டுத் தூக்குங்கள். மாத்திரை அட்டைகளையும் எடுத்து வையுங்கள்.

விழாமல் இருக்கவென்று மாட்டும் கட்டில் தடுப்புக் கம்பிகளையும் கவனியுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு 1985 முதல் 2009 தொடக்கம் வரை, அத்தகைய கட்டில்களில் சிக்கிக்கொண்டதாக 803 சம்பவங்கள் பதிவாயின. 480 பேர் இறந்தார்கள். தலை நுழையாதிருக்க, கம்பிகளுக்கு நடுவிலும் கம்பிக்கும் மெத்தைக்கும் இடையிலும் 120 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே இடைவெளி வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. மெத்தை நாளாக ஆக அமுங்கி இடைவெளி கூடும், ஆகவே அவ்வப்போது டேப் வைத்து அளந்து பாருங்கள்.