ஒரே கேக்கில் இரண்டு பெயர்

கல்லூரி விடுதியில் பிறந்தநாள் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்கும். படிக்கும் மேசையைக் காலிசெய்து, செய்தித்தாள் விரித்து, அரைக் கிலோ கேக்கை அதன்மேல் வைப்பார்கள். வெட்டியதில் பாதி வாய்க்குப் போகாமல் முகத்தில்தான் பூசப்படும். எங்கள் விடுதியில் ஒருமுறை கேக்கின் நடுவே ஒரு பெயர் பெரிதாகவும், விளிம்போரமாக இன்னொரு பெயர் நெருக்கியும் எழுதப்பட்டிருந்தது. அதே வகுப்பில் படிக்கும் இன்னொருவருக்கும் அன்றே பிறந்தநாள் என்பது கேக் தயாரான பிறகுதான் தெரியவந்ததாம். ஆண்டின் 365 நாள்களில் இருவரும் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்களே என்று அன்று எல்லோரும் வியந்தோம். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால், அப்படி ஒரு ஜோடி இல்லாமல் இருந்தால்தான் வியந்திருக்க வேண்டும் என்பது புரிந்திருக்கும்.

அறுபது பேர் கொண்ட வகுப்பை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 29-ஐ விட்டுவிட்டு, எல்லா நாள்களிலும் பிறப்புகள் சமமாக நிகழ்வதாகக் கொள்வோம். எல்லோருக்கும் பிறந்தநாள் வெவ்வேறாக அமைய வேண்டுமானால், முதல் மாணவருக்கு எந்த நாளும் பொருந்தும், இரண்டாமவருக்கு மீதமுள்ள 364 நாள்களில் ஒன்று அமைய வேண்டும், மூன்றாமவருக்கு 363. இப்படி 364/365, 363/365 என்று வரும் பின்னங்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும், பெருக்குத்தொகை எதிர்பாராத வேகத்தில் சரிகிறது. இருபத்துமூன்றாவது ஆளை எட்டும்போதே அது பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது 23 பேர் கூடினாலே ஏதோ இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 50.7 விழுக்காடு. அறுபது பேரில் அது 99 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ரிச்சர்ட் வான் மிசஸ் என்ற கணிதவியலர் 1939-லேயே இவ்வகைக் கணக்கை எழுதி வெளியிட்டுவிட்டார்.

நம் மனம் எங்கே தவறுகிறது? "என் பிறந்தநாளில் இன்னொருவர் பிறந்திருப்பாரா?" என்றுதான் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கேள்விக்கு அறுபது பேர் வகுப்பில் விடை ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே. கணக்கு கேட்பதோ வேறு கேள்வி: ஏதோ ஓர் இருவர், ஏதோ ஒரு நாள். அறுபது பேருக்குள் 1,770 ஜோடிகளை அமைக்கலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் பிறந்தநாள் ஒத்துப்போக 365-இல் ஒரு வாய்ப்பு உண்டு. இப்படி ஒரு வகுப்பில் சராசரியாக ஏறத்தாழ ஒன்பது பேர் தம் பிறந்தநாளை வகுப்புத் தோழர் ஒருவரோடு பகிர்ந்துகொள்கிறார்கள். உண்மையில் பிறப்புகள் ஆண்டு முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. அந்த ஏற்றத்தாழ்வு இந்த வாய்ப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

இவ்வளவு மலிவான ஒற்றுமை மனத்தின்மேல் செலுத்தும் பிடி மட்டும் மலிவானதாக இல்லை. 1998-இல் உளவியலாளர் டேல் மில்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒத்துழைத்தால் இருவருக்கும் ஓரளவு ஆதாயம், ஏமாற்றினால் ஏமாற்றியவருக்கு மட்டும் கூடுதல் ஆதாயம் என்ற விளையாட்டில், எதிராளிக்கும் தமக்கும் ஒரே பிறந்தநாள் என்று அறிந்தவர்கள் அதிகம் ஒத்துழைத்தார்கள். 2012-இல் உளவியலாளர் கிரெகரி வால்டன் குழுவினரின் ஆய்வு நேரடியாக மாணவர்களைப் பற்றியது. கணிதத் துறையில் முன்பு படித்த ஒருவர் எழுதியதாகச் சொல்லி ஒரு கட்டுரையைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த பிரதியில் மட்டும் அவருடைய பிறந்தநாள், படிப்பவரின் பிறந்தநாளாகவே அச்சிடப்பட்டிருந்தது. பிறகு, தீர்க்கவே முடியாத ஒரு கணிதப் புதிரைக் கொடுத்தபோது, பிறந்தநாள் ஒத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் விடாமல் முயன்றார்கள். முன்பின் பார்த்திராத ஒருவரோடு தேதி ஒன்றாக இருந்ததே, "இந்தத் துறை நமக்கும் உரியது" என்ற எண்ணத்தை ஊன்றப் போதுமானதாக இருந்தது. வீட்டைவிட்டு முதன்முறையாக வந்து, இந்த இடத்தில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்கும் முதலாண்டு மாணவரிடம் நள்ளிரவுக் கேக்கும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் எல்லாத் தேதிக்கும் இந்தப் பிடி இருப்பதாகத் தெரியவில்லை. பள்ளியில் சேர்க்க வயது போதாத பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியரே தோதான ஒரு தேதியை எழுதிவிடும் வழக்கம் ஒரு காலத்தில் நம் ஊர்களில் இருந்தது. எங்கள் வகுப்பிலும் சிலருக்குச் சான்றிதழில் அப்படிப்பட்ட தேதிதான். காகிதத்தில் அவர்களுடைய பிறந்தநாள்கள் ஒத்துப்போனபோது நாங்கள் சிரித்தோமே தவிர, அந்தத் தேதியில் யாரும் கேக் வாங்கியதில்லை.