அடிக்‌ஷன்: அடிமைத்தனமா, சார்பு நோயா?

‘உங்கள் பிள்ளை போதைக்கு அடிமையா?’ இளைஞர்களுக்கான மனநலப் புறநோயாளர் பிரிவு ஒன்றின் கையேடு இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. மூலத்தில் இருந்த சொல் அடிக்‌ஷன். மொழிபெயர்த்தவர் ஒரு நொடிகூடத் தயங்கியிருக்க மாட்டார். அடிக்‌ஷன் என்றால் அடிமைத்தனம், அடிக்ட் என்றால் அடிமை என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அவரும் எழுதிவிட்டார். செய்தித்தாள், தொலைக்காட்சி, விழிப்புணர்வுப் பேரணியில் பிள்ளைகள் தூக்கிப் பிடிக்கும் அட்டை என்று எங்கே திரும்பினாலும் இதே சொல்தான். மற்ற இடங்களில் எப்படியோ போகட்டும். சிகிச்சைக்கு வாருங்கள் என்று அழைக்கிற தாளில் இந்தச் சொல் இருக்கவே கூடாது. அந்தத் தாளைப் படிக்கப் போவது யார்? பதினாறு வயதுப் பையன் ஒருவன். அவன் பையைத் துழாவிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் அவன் அம்மா.

சரியான தமிழ் ‘சார்பு நோய்’. கஞ்சா என்றால் கஞ்சாச் சார்பு, மது என்றால் மதுச் சார்பு. அந்த நிலையில் இருப்பவர் சார்பு நோய் உள்ளவர். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மூலச் சொல். லத்தீனில் ‘அடிகெரே’ என்றால் சொல்லி ஒப்படைப்பது. பழைய ரோமச் சட்டத்தில், கடனைத் திருப்பிக் கட்ட முடியாதவனை நடுவர் தன் வாய்மொழியால் கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைப்பார். அப்படி ஒப்படைக்கப்பட்டவன் ‘அடிக்டஸ்’. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஒன்றில் மனத்தை முழுதாகக் கொடுத்துவிட்டவரைக் குறித்தது. படிப்பில் மூழ்கியவரையும் அப்படிச் சொன்னார்கள். போதைப்பொருளோடு அது இறுக ஒட்டிக்கொண்டது 20-ஆம் நூற்றாண்டில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1957-ல் அடிக்‌ஷன் வேறு, வெறும் பழக்கம் வேறு என்று பிரித்துப் பார்த்தது. 1964-ல் இரண்டையும் விட்டுவிட்டு டிப்பெண்டன்ஸ், அதாவது சார்பு, என்ற ஒரே சொல்லுக்கு வந்தது. அதே நிறுவனம் வெளியிட்டு 2022-ல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11 நோய் வகைப்பாட்டிலும் இந்த நோய்க்கு டிப்பெண்டன்ஸ் என்றுதான் பெயர். சொல்லின் பிறப்பு இவ்வளவுதான்.

‘பார்த்தீர்களா, ஆங்கிலச் சொல்லே அடிமைதானே, தமிழில் எழுதினால் என்ன தப்பு?’ என்று உடனே கேட்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள், அதனால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அடிக்டஸ் அடிமை அல்ல. ரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் இந்த வேறுபாட்டை எடுத்தே விளக்குகிறார். அடிமையை விடுவித்தால் அவன் ‘விடுவிக்கப்பட்டவன்’ என்ற தனி வகுப்பில் சேர்வான். பழைய நிலை அவன் பெயரோடு ஒட்டியே வரும். அடிக்டஸ் விடுதலை பெற்றாலோ, பிறவியிலேயே சுதந்திரனாக இருந்தவனாக மறுபடியும் ஆகிவிடுவான். தேறிய பிறகும் ஒரு இளைஞனை ‘முன்னாள் போதை அடிமை’ என்று எழுதுகிறோமே, அதை ரோமச் சட்டமே ஒத்துக்கொள்ளாது.

இனி நம் அடிமை. ‘அடி’ என்றால் பாதம். அடிமை என்பது இன்னொருவர் காலடியில் இருக்கும் நிலை. தமிழில் இதற்கு இரண்டு வாழ்வு உண்டு. ஒன்று பக்தியில் வருவது: அடியேன், அடியார். விரும்பித் தன்னைக் கொடுத்துவிடுகிற பெருமிதம் அதில் இருக்கிறது. மற்றொன்று ஓலை எழுதி ஆளை விற்ற, வாங்கிய அடிமை. சுந்தரர் கதையில் இரண்டும் சந்திக்கின்றன. மணப்பந்தலில் சிவன் ஒரு கிழவராக வந்து நின்று, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இதோ, நீ எனக்கு அடிமை என்கிறார். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். தமிழ்க் காதில் அடிமை என்பது ஒரு ஆளோடு நிற்கிற விஷயம் அல்ல, வழிவழியாக வருவது. ‘அவன் அப்பாவும் இப்படித்தான், இவனும் அப்படியே போய்விட்டான்’ என்று ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும் வீட்டில் இந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைக்கிறோம். சொத்தாக விற்கப்பட்டவன், இறைவனுக்குத் தன்னைக் கொடுத்தவன் என்ற இந்த இரண்டு பொருளில் எது நோய்? இரண்டுமே இல்லை.

அடுத்து, அடிமைக்கு அளவு கிடையாது. கால் அடிமை, அரை அடிமை என்று யாரும் சொல்வதில்லை. நோய்க்கு அளவு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டு நூல் பதினோரு அறிகுறிகளை வைத்துப் பார்க்கிறது: இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கைந்து இருந்தால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமையானது. அடிக்‌ஷன் என்ற சொல்லின் வரையறை தெளிவாக இல்லை, அது இழிவாகவும் ஒலிக்கக்கூடும் என்று சொல்லி, நோயின் பெயராக அதை வைக்காமல் விட்டதும் இதே நூல்தான். புறநோயாளர் பிரிவு பெரும்பாலும் லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கானது. பையன் வீட்டில் இருப்பான், பள்ளிக்குப் போவான், வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்து போவான். ‘நான் என்ன அடிமையா? வாரக் கடைசியில் மட்டும்தானே?’ என்று அவன் கேட்டால், கேள்வி நியாயமானது. அந்தத் தாள் அவனைப் பற்றியதல்ல என்று தாளே அவனிடம் சொல்லிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் கழித்து, கடுமையான நிலையில் வருவான்.

‘அதிர்ச்சி கொடுத்தால்தான் திருந்துவார்கள், அதற்கு இந்தச் சொல்தான் சரி’ என்று இன்னொரு கட்சி. இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். இளைஞர்களிடம் பலன் தருகிற ஊக்க நேர்காணல் முறை, உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிவைத்த காலத்திலிருந்தே, இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. முத்திரை குத்தாதே, வாதாடாதே. மாறவேண்டும் என்ற காரணம் அவன் வாயிலிருந்தே வரட்டும் என்பது அதன் அடிப்படை. 2010-ல் ஜான் கெல்லி, கசாண்ட்ரா வெஸ்டர்ஹாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் ஐநூறுக்கு மேற்பட்ட மனநலச் சிகிச்சையாளர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மனிதரைப் பற்றிய ஒரே குறிப்பு. பாதிப் பேருக்குப் போன தாளில் அவரை, போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துகிறவர் என்று முத்திரையிடும் பெயர்ச்சொல்லால் எழுதியிருந்தது. மற்றப் பாதியில், அந்தக் கோளாறு உள்ளவர் என்று இருந்தது. முதல் தாளைப் படித்தவர்கள்தான், குற்றம் அவருடையது, தண்டிக்கிற மாதிரி நடவடிக்கை வேண்டும் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். படித்துப் பட்டம் வாங்கிய சிகிச்சையாளர்களே இப்படி என்றால் பெற்றோரை, பள்ளிக்கூடத்தைக் கேட்கவே வேண்டாம்.

அடிமை என்று சொன்ன மாத்திரத்தில் மனம் அடுத்த படிக்குத் தானாகவே போய்விடுகிறது: அடிமையை மீட்க வேண்டும், மீட்க ஆள் வேண்டும், மறுபடி போகாமல் பூட்டிவைக்க இடம் வேண்டும். அதனால்தான் ‘எங்காவது சேர்த்துவிடுங்கள், ஆறு மாதம் கழித்து வருகிறோம்’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். உள்ளே தங்கவேண்டியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. நாள்பட்ட குடியையோ சில தூக்க மாத்திரைகளையோ திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே மருத்துவமனைப் படுக்கை கட்டாயம் வேண்டும். ஆனால் எல்லோருக்கும் அதுதான் வழி என்ற நினைப்பை வளர்த்ததில் இந்தச் சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

சார்புக்கு வருவோம். ‘சார்’ என்றால் சாய், அடை, ஒட்டி நில். சார்ந்து நிற்கிறான் என்றால், எதைத் தாங்க முடியாமல் இதில் சாய்ந்தான் என்ற கேள்வி இயல்பாகவே பிறக்கிறது. சிகிச்சையாளர் முதலில் தேடுவதும் அதையேதான். மனச்சோர்வா, பதற்றமா, தூக்கமின்மையா, வகுப்பில் யாராவது துன்புறுத்துகிறார்களா? இளவயதில் இவையும் போதையும் அடிக்கடி கைகோத்தே வருகின்றன. ஒன்றை விட்டு ஒன்றுக்கு மட்டும் மருத்துவம் பார்த்தால் நிற்பதில்லை. சார்பு என்பது இலக்கணத்தில் நமக்கு மிகப் பழக்கமான கருத்தும்கூட. ‘சார்ந்துவரல் மரபின் மூன்று’ என்று தொல்காப்பியம் சொல்லும் எழுத்துகள் தனித்து இயங்காதவை. பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சார்பெழுத்து என்றார்கள்.

வள்ளுவர் கள்ளைப் பற்றிப் பத்துக் குறள் பாடியிருக்கிறார், சூதைப் பற்றிப் பத்து. கள்ளுக்கு அடிமை என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. ‘கட்காதல் கொண்டொழுகு வார்’ என்கிறார். ‘இழத்தொறூஉம் காதலிக்கும் சூதேபோல்’ என்கிறார்: இழக்க இழக்க ஆசை கூடுகிறது. கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியாமை இன்றைய மருத்துவ வரையறையில் ஒரு முக்கிய அறிகுறி. அது அந்த மூன்று சீர்களில் இருக்கிறது. மெய்யுணர்தல் அதிகாரத்திலோ சார்பும் நோயும் சேர்ந்தே நிற்கின்றன: ‘சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின் மற்றழித்துச் சார்தரா சார்தரு நோய்.’ அங்கே பேச்சு பிறவியையும் பற்றையும் பற்றியது, கள்ளைப் பற்றியதல்ல. இருந்தாலும், பற்றி நிற்பதை உணர்ந்து அதைக் கெடுத்து நடந்தால் பற்றிக்கொள்ளும் துன்பங்கள் வந்து சேரா என்ற அந்தக் கட்டமைப்பு இந்த நோய்க்கு அப்படியே பொருந்துகிறது. சார்பு நோய் நேற்று யாரோ அகராதியைப் புரட்டிச் செய்த கலவைச்சொல் அல்ல.

இதற்கும் மறுப்பு உண்டு. சார்பு என்றால் ஒருதலைப்பட்சம், ‘அவர் சார்பாக’, கணக்குப் பாடத்தில் வேறு ஒன்று என்று பல பொருள் வருகிறதே என்பார்கள். நோய் என்று பக்கத்தில் போட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். இதைவிட வலுவான மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வருவது. வலிக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கும் உடல் அதைச் சார்ந்துவிடும், நிறுத்தினால் உடல் படுத்தும்; அவருக்கு இந்த நோய் இல்லை. சார்பு என்ற சொல் இரண்டையும் கலந்துவிடும் என்ற கவலையும் சேர்ந்துதான் டி.எஸ்.எம்-5 டிப்பெண்டன்ஸையும் நோயின் பெயரிலிருந்து எடுத்தது. நியாயமான கவலைதான். தமிழில் அதற்கு வழி இருக்கிறது: முதலாவது உடற்சார்பு, இரண்டாவது சார்பு நோய். இந்தப் பிரிப்பைக் கைவிடாமல் எழுதினால் போதும்.

மற்ற ஆக்கங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். ‘மீளாப்பழக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். சிகிச்சைக்கு வருகிறவனிடம் நீ மீளமாட்டாய் என்று நோயின் பெயரிலேயே சொல்வதா? வெறி, பித்து எல்லாம் வசவு. ‘குடிநோய்’ நல்ல சொல், மதுவைப் பொறுத்தவரை அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறையில் மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ‘பொருள் துஷ்பிரயோகம்’ என்று ஒரு படிவத்தில் இருக்கிறது. பொருள் என்றால் நமக்குச் செல்வம், அர்த்தம், சாமான். ஒரு அப்பா இதைப் படித்தால் மகன் பணத்தைக் கையாடிவிட்டான் என்றுதான் நினைப்பார். ‘போதைப்பொருள் பயன்பாடு’ என்று எழுத எது தடுக்கிறது? இன்னொரு படிவத்தில் ‘எத்தனை நாளாகச் சுத்தமாக இருக்கிறாய்?’ என்று கேட்டிருக்கிறது. அப்படியானால் அதற்கு முன்னால் அழுக்கா? ‘எத்தனை நாளாகத் தொடவில்லை?’ என்றால் தீர்ந்தது. ரெக்கவரிக்கு ‘மீட்பு’ என்று போடுகிறார்கள். மீட்பு வெளியிலிருந்து இன்னொருவர் செய்வது. ஊரில் எல்லோரும் சொல்வது ‘தேறி வருகிறான்’. தேறுதல் என்று எழுதலாமே, அதில் தேறுகிறவன்தான் எழுவாய். புறநோயாளி என்ற சொல்லில் குறை இல்லை, மரியாதைக்குப் புறநோயாளர் என்று எழுதினால் இன்னும் நல்லது. ஆனால் பிள்ளை வர மறுக்கிறபோது தனியாக வந்து பேசக் கற்றுக்கொள்கிற பெற்றோருக்கும் அதே சீட்டில் புறநோயாளர் என்று பெயர் போடுவது சரியில்லை. அவர்கள் குடும்பத்தார். அப்படியே எழுதலாம்.

கடைசியாக, ‘கைபேசி அடிமை’. இதை இப்போது எட்டு வயதுக் குழந்தைக்கும் சொல்கிறார்கள். ஐ.சி.டி-11 இந்த வகையில் பெயர் கொடுத்து ஏற்றிருக்கும் பழக்கங்கள் இரண்டு: சூதாட்டம், மின்விளையாட்டு. விளையாட்டிலும், வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றையும் அது தள்ளிவிட்டு, கெடுதல் தெரிந்தும் நிற்காமல், பெரும்பாலும் ஒரு வருட அளவுக்காவது தொடர்ந்தால்தான் அந்தப் பெயர். மற்றபடி கைபேசியை அதிகம் பார்க்கிற பிள்ளைக்கு நோயின் பெயரும் வேண்டாம், அடிமை என்ற பெயரும் வேண்டாம். ‘போனை ரொம்பப் பார்க்கிறான்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். கட்டுரை எழுதுகிறவர்களும் அதையே எழுதலாம்.