தார்ப்பாய்க்குள் கிடக்கும் பழைய காரை ஓட்ட ஆசையா? மெக்கானிக்குக்கு முன்னால் ஆர்.சி.யைப் பாருங்கள்

அப்பா வாங்கிய மாருதி 800, தாத்தா காலத்து அம்பாசடர், யாரோ சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போன பியட். வீட்டோரம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் இப்படி ஒரு காரை மறுபடி ஓட வைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கூப்பிடுவது மெக்கானிக்கைத்தான். இன்ஜின் இறக்கி, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, சீட்டும் தைத்து முடித்த பிறகுதான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஞாபகம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்தார். கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "இதுல எச்.பி. இருக்கே, ஃபைனான்ஸ் கம்பெனி லெட்டர் எங்கே?" என்று கேட்டார். எச்.பி. என்பது வண்டியின் மேல் கடன் இருக்கிறது என்று ஆர்.சி.யில் போட்டிருக்கும் குறிப்பு. கடன் எப்போதோ அடைத்தாகிவிட்டது. கடன் கொடுத்த கம்பெனியும் எப்போதோ மூடியாகிவிட்டது. புது பெயின்ட்டோடு அந்தக் கார் இன்னும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

அதனால் இந்தக் கட்டுரையில் ஸ்பேனரைவிட பேப்பரைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

சட்டம் இவ்வளவுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் படிவம் 25. காலாவதித் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து கொடுக்கலாம். நம் ஊரில் இதை 'எஃப்.சி. காட்டுவது' என்றே சொல்கிறார்கள்.

15 வருஷம் ஆனாலே வண்டியை நொறுக்கிவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 என்ற வயதுக் கெடு டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. இந்தப் பயத்தைக் காட்டியே நல்ல வண்டிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அரசு இலாகா வண்டிகளின் கதை மட்டும் வேறு. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு ரத்து. பழைய இலாகா ஜீப் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வந்தால் விலகிப் போய்விடுங்கள்.

சரி, ஆர்.சி.யைக் கையில் எடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பெயர்.

காலமான அப்பாவின் பெயரில் இருந்தால், புதுப்பிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஆளில்லை. முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும் பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். இறந்த மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலான வீடுகளில் அந்த மூன்று மாதத்தில் காரைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. பிந்திப் போனால் தாமதக் கட்டணம் உண்டு, ஆனால் கதவு மூடிவிடாது. இங்கேதான் அலைக்கழிப்பு ஆரம்பிக்கும். ஒரு மேஜையில் "ஆர்.சி. காலாவதி, முதலில் புதுப்பித்துக்கொண்டு வா" என்பார்கள். அடுத்த மேஜையில் "பெயர் மாற்றாமல் புதுப்பிக்க முடியாது" என்பார்கள். பெயர் மாற்றத்துக்கும் புதுப்பிப்புக்கும் உண்டான மொத்தத் தாளையும் ஒரே கட்டாகக் கொண்டுபோய், இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். எதை முதலில் எடுப்பார்கள் என்பதை கண்காணிப்பாளர் மட்டத்தில் கேட்டு, சொன்னவரின் பதவியையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளோடு போனால் இன்னொரு தாளுக்காகத் திருப்பி அனுப்புவது அவர்களுக்கு ரொம்பச் சுலபம்.

யாரோ ஒருவரிடம் வாங்கி, பெயர் மாற்றாமலேயே விட்ட வண்டி என்றால் அந்தப் பழைய உரிமையாளரைத் தேடிப் பிடியுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் தேதி போடாமல் வாங்கி வைத்த கையெழுத்தை நம்பிப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஆதார் வழி சரிபார்ப்பு என்று வந்துவிட்டால் ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும்.

இரண்டாவது, எச்.பி. கடன் தீர்ந்தது வேறு, ஆர்.சி.யில் இருந்து எச்.பி. நீங்கியது வேறு. கடன் தீர்ந்தது, ஆட்சேபணை இல்லை என்று வங்கி என்.ஓ.சி.யைக் கொடுத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த என்.ஓ.சி.யோடு வங்கி முத்திரையிட்ட படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ.விடம் கொடுத்தால்தான் அது நீங்கும். பழைய என்.ஓ.சி. என்றால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், புதிதாக ஒன்று கேட்பார்கள். வங்கி இணைந்துபோயிருந்தால் இணைந்த வங்கிக்குப் போங்கள். 2020 ஏப்ரலில் ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடு சேர்ந்தன. சிண்டிகேட் வங்கி கனராவோடும் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. கிளையில் "எங்களிடம் பழைய கணக்கு இல்லை" என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாமல் மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கடன் எண் எழுதிய ஒரு பழைய ரசீது கிடைத்தால்கூட அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது, உங்கள் வண்டி கம்ப்யூட்டரில் இருக்கிறதா? மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஆர்.சி. புத்தகமாக இருந்த காலத்து வண்டிகள் பல 'வாகன்' என்ற கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஏறவே இல்லை, அல்லது சேசிஸ் எண்ணில் ஓர் எழுத்து தப்பாக ஏறியிருக்கும். அப்படி இருந்தால் கட்டணம் கட்டவே வழியில்லை. 'பேக்லாக் என்ட்ரி', அதாவது விட்டுப்போன பழைய விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பதிவு, போடச் சொல்லி அசல் ஆர்.சி.யோடு எழுத்தில் கேட்க வேண்டும். இது அவர்கள் செய்ய வேண்டிய வேலை. உங்கள் தவறு மாதிரி பேசுவார்கள், பணிந்து போகாதீர்கள். அதே தளத்தில் நிலுவை இ-சலானும் தெரியும். யாரோ ஓட்டிய நாளில் விழுந்த அபராதம் இன்று உங்கள் விண்ணப்பத்தை நிறுத்திவிடும். ஆர்.சி.யே தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொண்டு படிவம் 26-ல் நகல் கேளுங்கள்.

நான்காவது, வண்டியும் ஆர்.சி.யும் ஒன்றாக இருக்கிறதா? வெள்ளை என்று ஆர்.சி.யில் இருக்க, மெரூன் அடித்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். நிறம், இன்ஜின், எரிபொருள் எது மாறினாலும் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் ஏற வேண்டும். "நல்ல இன்ஜின் ஒன்று இருக்கிறது, மாற்றிவிடலாம்" என்று மெக்கானிக் சொன்னால் அந்த இன்ஜினுக்கு பில்லும் அது கழன்று வந்த வண்டியின் ஆவணமும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். ஆர்.சி.யில் ஏறாத காஸ் கிட் இருந்தால் காட்டப் போகுமுன் அதற்கு ஒரு முடிவு கட்டுங்கள்.

இந்த நான்கும் சரி என்றால் மட்டும் வண்டியில் கை வையுங்கள். அப்புறம்கூட பெயின்ட்டில் ஆரம்பிக்காதீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் பார்ப்பது பிரேக், ஹேண்ட் பிரேக், ஸ்டியரிங், டயர், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், சீட் பெல்ட், அடித்தகடு. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் இறுகிப்போயிருக்கும், ஒயரை எலி கடித்திருக்கும். டேங்கில் பழைய பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் மாதிரி நாறும். அதை முழுக்க வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் சுற்றிப் பார்த்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1209 என்றால் 2009-ல் செய்த டயர்.

முக்கியமான ஒன்று சேசிஸ் எண். தகட்டில் குத்தியிருக்கும் அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். டிங்கரிங் கடையில் அதன் மேலேயே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், அல்லது துரு எடுக்கிறேன் என்று உப்புத்தாள் போட்டு எண்ணையே தேய்த்துவிடுவார்கள். தேய்ந்த எண் ஆய்வாளர் கண்ணில் திருட்டு வண்டியின் எண். அதனால் வேலைக்கு விடுமுன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, போட்டோவும் பென்சில் அச்சும் எடுத்து வைத்துக்கொண்டு, மேலே டேப் ஒட்டிக் கொடுங்கள்.

செலவுக் கணக்கு. 2022 ஏப்ரல் முதல் காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ஆகிவிட்டது. காலாவதியான பிறகு வந்தால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம். ஐந்து ஆண்டு சும்மா நின்றிருந்தால் அதுவே 30,000. வண்டி நின்றுதானே இருந்தது என்று சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இதற்கு மேல் பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பார்ட்ஸ். பரிவாகன் காட்டும் தொகையை முதலில் பார்த்துவிட்டு வண்டி அதற்குத் தகுமா என்று முடிவு செய்யுங்கள். தகாது என்றால் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்துவிடுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு மறந்துவிட்டால், அந்த நம்பரில் ஓடும் இன்னொரு வண்டிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆர்.சி. காலாவதியான வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும்தானே என்று ஓட்டிப் போகாதீர்கள். பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் இன்னும் 2,000. வழியில் யார் மேலாவது மோதிவிட்டால் இந்தத் தொகையெல்லாம் ஒன்றுமே இல்லை. பாலிசி எடுத்திருக்கிறேன் என்ற தைரியமும் போதாது. தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு வண்டி திருடுபோனபோது இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போங்கள்.

எந்த ஆபீஸுக்குப் போவது என்பதிலும் பந்தாடுவார்கள். "பதிவு மதுரையில், அங்கே போ" என்பார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 52, வண்டி இப்போது எந்த அலுவலக எல்லையில் இருக்கிறதோ அங்கே விண்ணப்பிக்கச் சொல்கிறது. அந்த விதியை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கூடவே முகவரி மாற்றத்துக்குப் படிவம் 33 கொடுத்துவிட்டால் அவர்கள் மறுக்கக் காரணம் குறையும்.

வாசலில் புரோக்கர் வருவார். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், ஆனால் அசல் ஆர்.சி.யை அவர் பையில் போட விடாதீர்கள். வண்டியைப் பார்க்காமலேயே முடித்துத் தருகிறேன் என்பவரிடம் ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள்.

ஆய்வாளர் வாயால் "வேண்டாம், எடுத்துட்டுப் போ" என்று சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். புதுப்பிக்க மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும் என்று 45-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் 57-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் கேட்டவுடனேயே பல இடங்களில் "சரி, இந்த லைட்டை மட்டும் மாத்திட்டு வாங்க" என்று பேச்சு இறங்கிவிடும். மனு எதுவாக இருந்தாலும் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த முத்திரை நகலைக் காட்டுங்கள், முதல்வரின் உதவி எண் 1100-க்கும் போன் போடுங்கள். என் கோப்பு எந்த மேஜையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

புது ஆர்.சி. வந்ததும் பெயர், சேசிஸ் எண், நிறம், எச்.பி. நீங்கியிருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். தப்பு இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். நாள் கடந்தால் அதற்கும் ஒரு தனி விண்ணப்பம் கேட்பார்கள். காலாவதித் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு தேதியைப் போனில் அலாரமாகப் போட்டுவிடுங்கள்.