ஐஸ்கிறீம் மூடியும் வெள்ளவத்தைக் கால்வாயும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிப் பாலத்தை என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் தரம் 8 இல் கேட்டேன்.

"அந்தப் பாலத்துக்குக் கீழ என்ன இருக்கு?"

"கெனல் மிஸ்."

"கெனல்ல என்ன இருக்கு?"

"நாத்தம் மிஸ்."

வகுப்பே சிரித்தது. நானும்தான். அதே பிள்ளைகளிடம் சூழற்றொகுதி என்றால் என்ன என்று கேட்டிருந்தால், உயிர்க் கூறுகள், உயிரற்ற கூறுகள், அவற்றுக்கிடையிலான இடைத்தொடர்புகள் என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்திருப்பார்கள். பரீட்சையில் முழுப் புள்ளியும் கிடைக்கும். உணவுச் சங்கிலிக்குப் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. எட்டாம் மாடி ஃபிளாட்டில் வளரும் பிள்ளை இந்த ஐந்தில் எத்தனையைக் கண்டிருக்கும்?

இருபது வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்த "நாத்தம் மிஸ்" எவ்வளவு சரியான விடை என்று எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

முதலில் என் பங்குப் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972 ஸ்டொக்ஹோம் மாநாட்டைத் தொடர்ந்து வந்த உலகச் சுற்றாடல் தினத்தை 1973 முதல் ஜூன் 5 இல் உலகமே கொண்டாடுகிறது. நாங்களும் கொண்டாடுவோம். காலைக்கூட்டத்தில் பேச்சு, சுவரொட்டிப் போட்டி, மரநடுகை. கொழும்பில் ஜூன் மழைக்காலம் என்பதால் கன்று ஓகஸ்ட் வரை தானாகவே நிற்கும். பிறகு விடுமுறை. தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அடுத்த ஜூனில் புதுக் கன்றுக்குப் புதுக் குழிகூடத் தேவைப்படாது. ஒரே குழியில் மூன்று வருடம் மூன்று கன்று வைத்த பாடசாலையில் நான் இருந்திருக்கிறேன். கண்காட்சி ஒன்றுக்கு "பூமியைக் காப்போம்" என்று ஆளுயர உருண்டை செய்தோம். முழுக்க ரெஜிபோம் என்ற வெள்ளைப் பிளாஸ்ரிக் நுரை, மேலே மினுக்குத் தூள். முதற்பரிசு கிடைத்தது. அடுத்த நாள் அதை உடைத்துக் குப்பையில் போட்டபோது வெள்ளைத் துகள்கள் காற்றில் பறந்து மைதானம் முழுக்க ஒட்டின. இரண்டு பிள்ளைகள் தும்புத்தடியோடு அதன் பின்னால் ஓடினார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நான் செய்யத் தொடங்கியது ஒன்றே ஒன்று. ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, வருடம் முழுக்கத் திரும்பத் திரும்ப அதே இடத்தைப் பார்ப்பது. எங்களுக்கு வாய்த்தது கால்வாய்.

கருவி ஓர் ஐஸ்கிறீம் டப்பாவின் மூடி. 1865 இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான அஞ்சலோ செக்கி, பாப்பரசரின் கப்பலில் இருந்து வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி, எவ்வளவு ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். தண்ணீரின் தெளிவை அளக்க இன்றும் ஆய்வாளர்கள் அந்தத் தட்டைத்தான் இறக்குகிறார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பிறகு வந்தவை. நாங்கள் இரண்டு லீற்றர் டப்பாவின் மூடியை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்தோம். நடுவில் துளை, அதில் நைலோன் கயிறு, அடியில் பாரத்துக்கு இரும்பு நட்டு. கயிற்றில் பத்து சென்றிமீற்றருக்கு ஒரு முடிச்சு. தட்டு மறையும் ஆழத்தைக் குறித்து, மெல்ல இழுத்து, மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் நட்டு மட்டும்தான். ஐஸ்கிறீமைச் சாப்பிட ஆள் தேட வேண்டியதில்லை.

முதல் நாள் தட்டு ஒரு சாண் இறங்குவதற்குள் காணாமற்போனது. "அவ்வளவுதானா மிஸ்?" என்று ஏமாற்றம். இரண்டாவது மூன்றாவது முறையில்தான் விசயம் தொடங்கியது. பெருமழைக்கு மறுநாள் தண்ணீர் தேநீர் நிறம், தட்டு விரலளவிலேயே மறைந்தது. மழையில்லாத பெப்ரவரியில் வேறு கதை. கடலலை கொண்டுவந்து சேர்க்கும் மணல் கால்வாயின் வாயை அடைக்கும்போது தண்ணீர் ஓடாமல் தேங்குகிறது. கரும்பச்சை நிறம். அடியிலிருந்து குமிழி குமிழியாக வருகிறது. நாற்றமோ அழுகிய முட்டை.

அங்கேதான் எனக்கு அந்தப் பழைய விடை ஞாபகம் வந்தது. வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வரும் கழிவு நீரை நுண்ணங்கிகள் பிரித்தழிக்கின்றன. அதற்கு ஒட்சிசன் வேண்டும். கரைந்துள்ள ஒட்சிசன் தீர்ந்ததும், ஒட்சிசன் இல்லாமலே வாழும் வேறு பற்றீரியாக்கள் வேலையைப் பொறுப்பெடுக்கின்றன. கடல்நீர் கலக்கும் இடமென்பதால் சல்பேற்றுக்குக் குறைவில்லை. அதை அவை ஐதரசன் சல்பைட்டாக மாற்றுகின்றன. முட்டை நாற்றம் அதுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற பிள்ளைகளிடம், "இப்ப உங்கட மூக்கே ஒட்சிசன் மானி" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து கொப்பியில் மூடியின் அளவுக்குப் பக்கத்தில் "நாத்தம்: இல்லை / கொஞ்சம் / கூட" என்று ஒரு நிரல் வந்துவிட்டது. நான் சொல்லி வந்ததல்ல.

உணவுச் சங்கிலியும் மாறியது. பாசி, அதைத் தின்னும் திலாப்பியா, அதைப் பிடிக்கும் நீர்க்காகம். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ஒட்சிசன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். கரையில் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு. அதை எங்கே போடுவது என்று வகுப்பில் சண்டை. மீனும் தின்கிறது, செத்த எலியும் தின்கிறது, சோற்றுப் பார்சலும் தின்கிறது. சங்கிலி பிய்ந்து வலையானது. "அப்ப லஞ்ச் ஷீட்டுக்கும் ஒரு அம்புக்குறி போடணுமா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். போட்டோம். சோறு கட்டும் அந்தப் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தாயிற்று என்று நான் சொல்லப்போக, "பிறகு ஏன் கடையில கட்டித் தாறாங்க?" என்று வந்தது அடுத்த கேள்வி. விஞ்ஞான பாடத்தில் அதற்கு விடை இல்லை. குடியியற் கல்வி ஆசிரியையிடம் அனுப்பினேன், அவ என்னை முறைத்தா.

என்னை நிறுத்தி வைத்த கேள்வி வேறொன்று. ஒதுக்குப்புறமாக நீரோரத்தில் கங்குன் கீரை படர்ந்திருந்ததைப் பார்த்து ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டது: "மிஸ், அம்மா வாங்குற கங்குனும் இப்பிடித் தண்ணியிலயா வளருது?" கங்குன் ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்ளக்கூடிய தாவரம். எங்கே வளர்ந்தது என்பதுதான் கேள்வி. இப்படி உடலில் சேர்வதை, அதாவது உயிரியல் ரீதியான ஒன்றுதிரளலைப் பல வருடம் கரும்பலகையில் படம் போட்டுப் படிப்பித்திருக்கிறேன். அன்று பின்னேரமே மூன்று வீடுகளில் கீரை வாங்கும்போது "இது எங்கேயிருந்து வருது?" என்று கேட்டிருக்கிறார்கள். கீரைக்கார அம்மா கோபித்துக்கொண்டாவாம்.

இன்னொரு சிக்கல் பச்சை நிறம். சுற்றாடல் என்றாலே பச்சை என்று நாமே பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிட்டோம். கொழும்பு நகர நடுவில் இருக்கும் பேர வாவியும் பச்சைதான். அது மைக்குரோசிஸ்ரிஸ் என்ற நீலப்பச்சை அல்காவின் நிறம். கழிவோடு வரும் நைதரசனும் பொசுபரசும் அதற்கு உரம். நீரில் போசணை இப்படி அளவுக்கு மீறிச் சேர்வதைப் பாடப்புத்தகம் நற்போசணையாக்கம் என்கிறது. 'நல்ல' என்ற சொல் முன்னால் நிற்பதால் அது நல்ல காரியம் என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அவர்களைப் பிழை சொல்ல முடியாது. நீரின் மேல் அழகாக ஊதாப் பூப்பூக்கும் ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்த இந்த நாட்டில் 1909 இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள் என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனபோது, மரப்பாதையில் நடந்த ஒரு பிள்ளை, "மிஸ், அன்னமுன்னா காய்ச்சிருக்கு!" என்று கத்தியது. பார்க்க அந்தப் பழம்போலத்தான் இருக்கும், ஆனால் அது வேறு மரம். சிங்களத்தில் வெல் ஆத்த என்பார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, கொழும்பின் சதுப்பு நிலங்களை நிரப்பி, உள்ளூர்த் தாவரங்களை நெருக்கித் தள்ளும் ஆக்கிரமிப்பு இனம். அன்றைக்குப் பெயர்களாலேயே ஒரு மணித்தியாலம் போனது. மலையகத்துப் பிள்ளை ஒரு பெயர் சொல்ல, யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேறு சொல்ல, புத்தளத்துப் பிள்ளை சிங்களப் பெயரையே சொன்னது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டோம். கொழும்புத் தமிழ் வகுப்பு என்றால் அப்படித்தான், ஒரு செடிக்கு நாலு ஊர்ப் பெயர்.

ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018 இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அந்த முதற் பட்டியலில் உலகம் முழுக்க 18 நகரங்கள்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்த கதையைச் சொன்னால் மறப்பதில்லை. சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டினால் மழைநீர் எங்கே போகும்? ஒரு தட்டில் பஞ்சு, மறு தட்டில் சீமெந்துக்கட்டி, இரண்டின் மேலும் ஒரு கிளாஸ் தண்ணீர். மேசை நனைந்தால் பாடம் முடிந்தது.

குப்பைப் பாடம் அவ்வளவு லேசாக முடிவதில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள். அந்த வருடம் என் வகுப்பில் ஒரு நாளாவது எல்லாக் கதிரையும் நிரம்பியதாக ஞாபகமில்லை. அதனால் டெங்குவைச் சுகாதாரப் பாடமாக மட்டும் விடுவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஈடிசு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் விளிம்பில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளைக் கோப்பையில் குடம்பிகளைப் பிடித்து வில்லையால் காட்டினால், வீட்டில் பூச்சாடித் தட்டைத் தேய்ப்பது யார் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

மீதொட்டமுல்லக்குப் பிறகு கொழும்புக் குப்பை எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பகுதி 2021 இல் தொடங்கிய கெரவலப்பிட்டி நிலையத்தில் எரிக்கப்பட்டு மின்சாரமாகிறது. இன்னொரு பகுதியைப் புத்தளம் அருவக்காட்டுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள் என்றேன். பின்வரிசையிலிருந்து அந்தப் புத்தளத்துப் பிள்ளை எழும்பியது. "எங்க ஊருக்கா மிஸ்?" அங்குள்ள மக்கள் மாதக்கணக்கில் போராடியதை அதுவே சொன்னது. வாப்பா போனவராம். மற்றப் பிள்ளைகள் திரும்பி அதைப் பார்த்தார்கள். தங்கள் வகுப்புக் குப்பைக்கூடையையும் பார்த்தார்கள். நான் குறுக்கே பேசவில்லை.

இந்த இடத்தில் சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. ஆமைகள் செத்துக் கிடந்த படங்களைக் காட்டிக் காட்டியே சில வகுப்புகளில் பிள்ளைகளை அழவைத்தோம். அழுத பிள்ளை வீட்டுக்குப் போய் வேறு எதுவும் செய்ததாக நான் காணவில்லை. கரை மணலில் ஒரு பிடியை உப்புத் தண்ணீர்ப் பேசினில் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். மணல் அடியில் தங்கும், பருப்பளவு வெள்ளை மணிகள் மேலே மிதக்கும். எண்ணச் சொல்லுங்கள். எண்ணத் தொடங்கிய பிள்ளை கேள்வி கேட்காமல் நிறுத்தாது.

வெளியே கூட்டிப்போக அனுமதி, பெற்றோர் கடிதம், வலயக் கல்விப் பணிமனை எல்லாம் தலைவலிதான், மறுக்கவில்லை. முதல் வருடம் அனுமதி வரும்வரை பாடசாலை வடிகானையே பார்த்தோம். அதுவும் மழை வந்தால் கால்வாய்க்குத்தான் போகிறது. நீருக்குள் யாரும் இறங்கக் கூடாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, எலிக்காய்ச்சல் இருக்கிறது. தட்டை நான்தான் இறக்குவேன், அவர்கள் முடிச்சு எண்ணுவார்கள்.

போன மாதம் கயிறு பாலத்துக் கம்பியில் உரசி அறுந்து, மூடி கால்வாயோடு போய்விட்டது. "மிஸ், நாங்களே பிளாஸ்ரிக் போட்டுட்டோம்" என்று ஒருத்தி சொன்னாள். கொப்பியில் அந்த வாரத்துக்கு நேரே அளவு இல்லை, "மூடி: 1" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். புது மூடிக்கு மூன்று பேர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். ஒருத்தன் வனிலா, மற்றவர்கள் சொக்லேட்.