அது அகராதி இல்லை

போன வாரம் பெரியப்பா கைபேசியை என்னிடம் நீட்டி, “அர்த்தத்தை இந்தக் கட்டத்துலதானே எழுதணும்?” என்றார். விசைப்பலகை அவருக்கு ஆகாது. விரலால் எழுதித்தான் செய்தி அனுப்புவார். தாழையூத்து என்று எழுதினால் மட்டும் அது ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது காட்டும். ஊர்ப்பெயரைச் சேர்த்துவிடுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அமைப்புகளுக்குள் போனால் ‘தனிப்பட்ட அகராதி’ என்று இருக்கிறது. மனிதர் தமிழாசிரியராக இருந்தவர். அகராதி என்றால் பொருள் வேண்டுமே! சொல்லுக்குச் சுருக்கெழுத்து வைக்க விட்டிருக்கும் ‘குறுக்குவழி’ கட்டத்தில், “திருநெல்வேலி பக்கம், சிமெண்ட் ஆலை உண்டு” என்று எழுதி வைத்திருந்தார்.

அவர் மேல் என்ன தப்பு? அகரத்தை ஆதியாக உடையது அகராதி. ரேவண சித்தரின் அகராதி நிகண்டு 1594, வீரமாமுனிவரின் சதுரகராதி 1732. அன்றிலிருந்து நமக்கு அகராதி என்றால் சொல்லைத் தேடிப் போய்ப் பொருளோடு திரும்பும் இடம்.

கைபேசியில் இருப்பது அந்த வேலையைச் செய்வதில்லை. நாம் கிறுக்கும் கோடுகளைப் பார்த்து மென்பொருள் எழுத்துகளை ஊகிக்கிறது. ரகரமா, துணைக்காலா என்பது கையெழுத்தில் நமக்கே சில நேரம் தெரியாது. அந்தச் சந்தேகம் வரும்போது, தனக்குத் தெரிந்த சொற்களில் எது பொருந்துகிறது என்று பார்க்கிறது. பட்டியலில் இல்லாத ஊர்ப்பெயர் அங்கே தோற்றுப்போகிறது. அதனால்தான் நம் சொற்களை நாமே சேர்க்க வேண்டியிருக்கிறது. பொருளுக்கு அங்கே வேலையே இல்லை.

1993-இல் ஆப்பிளின் நியூட்டன் மெசேஜ்பேட் என்ற கையடக்கக் கணினி வந்தபோதே இந்தச் சங்கடம் இருந்தது. அது கையெழுத்தைச் சொல் சொல்லாகப் படிக்கும். தெரியாத பெயரை எழுதினால் தெரிந்த வேறொரு சொல்லைக் கொடுத்து மானத்தை வாங்கும். அதில் நாமே சொல் சேர்க்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘பெர்சனல் வேர்ட் லிஸ்ட்’. அதாவது பட்டியல். 1996-இல் வந்த பாம் பைலட் என்ற இன்னொரு கையடக்கக் கருவியின் எழுத்துமுறையான கிராஃபிட்டி ஒவ்வோர் எழுத்தாகப் படித்ததால், அதற்கு இந்தப் பட்டியலே தேவைப்படவில்லை. ஆனால் இப்படிப்பட்ட பட்டியலை ஆங்கிலத்தில் ‘டிக்ஷனரி’ என்றும் சோம்பலாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். நாம் அந்தச் சோம்பலையும் சேர்த்து மொழிபெயர்த்துக்கொண்டோம்.

சரி, ‘தனிப்பட்ட’ மட்டும் என்ன வாழ்கிறது? தனிப்பட்ட விரோதம், தனிப்பட்ட காரணம் என்போம். அடுத்தவர் தலையிடக் கூடாத சங்கதி என்ற தொனி அதில் உண்டு. ஊர்ப்பெயரில் என்ன ரகசியம்? ‘பயனர் அகராதி’ என்பது இன்னும் மோசம். அந்தப் பயனர் அவர்தான் என்று பெரியப்பாவுக்கு யார் சொல்வது? ‘சொல்வங்கி’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் போட்டதை எப்போது எடுப்பது என்று கேட்கத் தோன்றும். எல்லாவற்றுக்கும் சிகரம், ஆங்கிலத்தின் ‘கஸ்டமைஸ்’ஸுக்கு வைத்த ‘தனிப்பயனாக்கு’. “உங்கள் தனிப்பட்ட அகராதியைத் தனிப்பயனாக்குங்கள்” என்று எழுதக் கை கூசாதவர்கள் இருக்கிறார்கள். எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தால் போதும், தெரிந்துவிடும். “உங்களுக்கு வேண்டிய சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றால் யாருக்குப் புரியாது?

என் ஓட்டு ‘சொந்தச் சொற்பட்டியல்’. திரையில் இடம் குறைவு என்றால் ‘என் சொற்கள்’ போதும். சொந்தம் வடசொல் அல்லவா என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். அகராதியில் உட்கார்ந்திருக்கும் ஆதி மட்டும் எந்த ஊராம்? தூய்மைதான் கணக்கு என்றால் ‘என் சொற்கள்’ இருக்கவே இருக்கிறது. எனக்கு அதைவிடப் புரிவது முக்கியம்.

பெரியப்பா எழுதியிருந்த சிமெண்ட் ஆலையை அழித்து, ஊரை மட்டும் விட்டுவைத்தேன். மறுபடி எழுதிப் பார்த்தார். தாழையூத்து பரிந்துரையில் முதலாவதாக வந்தது. “அப்போ இதுல அர்த்தமே கிடையாதா?” என்றார். இல்லை என்றேன். “பெறவு எதுக்குல அகராதின்னு போட்டிருக்கான்?”